யன்னலடியில் நிற்கும் வரிசை: போதைநோய்க்கான மருந்தும் அமெரிக்கச் சட்டமும்

சென்ற இதழின் வாசகர் கடிதங்களில் ஒருவர், "ஒரு போதையை நிறுத்த இன்னொரு போதையைக் கொடுப்பதும் வைத்தியமா?" என்று கேட்டிருந்தார். மெத்தடோன் கிளினிக் ஒன்றின் வாசலில் விடியற்காலையில் கூடிநின்ற சனத்தைக் கண்டுவிட்டு எழுதியதாகவும் சொல்லியிருந்தார். கேள்வியில் பிழையில்லை. சில வருடங்களுக்கு முன்பு நானும் இதையேதான் கேட்டிருப்பேன். இலங்கையில் பல்கலைக்கழகமொன்றில் இரசாயனவியல் விரிவுரையாளனாக இருந்த எனக்கு மெத்தடோன், பியூப்பிறனோர்பின் என்பன கரும்பலகையில் வரைந்துவிட்டு அழிக்கும் கட்டமைப்புப் படங்கள் மட்டுமே. நியூ ஜேர்சியில், போத்தல்களில் சவர்க்காரத் திரவம் நிரப்பும் ஒரு தொழிற்சாலையில், அந்த வரிசையில் நிற்கும் ஒருவரோடு இரண்டு வருடங்கள் ஒரே இயந்திரத்தடியில் வேலைசெய்த பிறகுதான் அந்த வரிசை எப்படி உண்டானது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கேள்விக்கு வருகிறேன். அபின், மோர்பீன், ஹெரோயின், ஒக்சிகோடோன், இப்போது தெருவெங்கும் பரவிக் கிடக்கும் பென்ரனில் எல்லாமே மூளையிலுள்ள ஒரேவகை ஏற்பிகளில் போய் ஒட்டுபவை. நீண்டகாலம் பாவித்தவரின் மூளை, அந்தப் பொருள் இருப்பதையே இயல்புநிலையாகக் கொண்டு தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. அது இல்லாதபோது கைகால் உளைவு, வாந்தி, வயிற்றோட்டம், நித்திரையின்மை. ஹெரோயினின் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். ஆகவே அவர் நாளுக்கு மூன்று நான்கு தடவை அதைத் தேடி ஓடவேண்டும். அந்த ஓட்டத்துக்குள் வேலை, குடும்பம், நேர்மை எல்லாம் போய்விடுகின்றன. மெத்தடோனும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது, ஆனால் ஒரு நாளுக்கு மேல் உடலில் தங்கி நிற்கும். சரியான அளவில் தினம் ஒருமுறை எடுப்பவருக்கு வெறியும் இல்லை, வருத்தமும் இல்லை. பியூப்பிறனோர்பின் சற்று வேறுவிதமானது. ஏற்பியை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அரைகுறையாகவே தூண்டும். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் விளைவு அவ்வளவாகக் கூடாது என்பதால் மூச்சு நின்று சாகும் ஆபத்துக் குறைவு.

பலன் உண்டா என்றால், உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரையின்படி, மெத்தடோன் எடுத்துக்கொண்டிருப்பவர்களில் ஆயிரத்துக்கு வருடமொன்றுக்கு ஏறக்குறைய 11 பேர் இறக்கிறார்கள். வைத்தியத்தை விட்டவர்களில் ஆயிரத்துக்கு 36 பேர். நீரிழிவுக்காரர் ஆயுள் முழுவதும் இன்சுலினில் தங்கியிருக்கிறார். அவரை நாம் இன்சுலினுக்கு அடிமை என்று சொல்வதில்லை. மருந்தில்லாமல் சில கிழமைகள் அடைத்துவைத்து 'சுத்தமாக்கி' அனுப்புவதுதான் சரியான வழி என்று எங்கள் சனம் நம்புகிறது. அது பல வேளைகளில் ஆபத்தானது. ஏனென்றால் அந்தச் சில கிழமைகளில் உடலின் தாங்குசக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு கிழமைகளில் அவர்கள் அளவுமீறிய போதையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டார்கள். றோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் சிறைக்குள்ளேயே இந்த மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பிந்திய அளவுமீறல் மரணங்கள் 61 வீதத்தால் குறைந்தன. இன்னும் எத்தனையோ சிறைகளில் இந்த மருந்து இல்லை.

என்னோடு லேபிள் ஒட்டும் இயந்திரத்தில் நின்றவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க கறுப்பினத்தவர், நியூவார்க் நகரவாசி. தொழிற்சாலையில் எனக்கு 'புரொபெசர்' என்று பட்டம் வைத்தவரும் அவரே. (பகிடிக்குத்தான். ஆனால் ஊரை விட்டபிறகு என்னை அப்படி அழைத்த முதல் ஆள் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.) எங்களுக்கு வேலை காலை ஆறரைக்கு. அவர் நாலு மணிக்கு எழும்பி, முதல் பஸ் பிடித்து, ஐந்துக்குத் திறக்கும் கிளினிக்கில் வரிசையில் நிற்பார். கண்ணாடி யன்னலுக்கு அப்பால் தாதி. அவர் கொடுக்கும் திரவத்தை அவர் கண்முன் குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட இரண்டு சொல் கதைக்கவேண்டும். பிறகு இன்னும் இரண்டு பஸ் எடுத்து வேலைக்கு. வரிசை நீண்டால், பனி கொட்டினால், பஸ் தப்பினால் பிந்திவிடும். எங்கள் தொழிற்சாலையில் பிந்தி வந்தால் ஒரு புள்ளி. எட்டுப் புள்ளி சேர்ந்தால் வேலை இல்லை.

பதினொரு வருடமாக அவர் ஹெரோயினைத் தொடவில்லை. ஒரு காலத்தில் இரண்டு கிழமைக்குரிய மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் அனுமதியும் அவருக்கு இருந்தது. நியூ ஜேர்சியில் 2021இல் கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்டது. அடுத்த வருடம் கடைகளில் பகிரங்கமாக விற்றார்கள். முழங்கால் நோவுக்கென்று அவரும் வாங்கினார். சலப் பரிசோதனையில் அது தெரிந்ததும் கிளினிக் அவருடைய அனுமதியைப் பறித்து, தினமும் வரச் சொல்லிவிட்டது. சாராயம் குடித்திருந்தால் இவ்வளவு நடந்திராது என்று சிரித்தார். இன்சுலின் போடுபவரை யாராவது தினமும் ஐந்து மணிக்கு யன்னலடிக்குக் கூப்பிடுகிறார்களா என்றும் கேட்டார். நான் மேலே எழுதிய ஒப்புமை அவரிடமிருந்து எடுத்ததுதான்.

இங்கு வாசகர் ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். அதே மெத்தடோனை, நாட்பட்ட நோவுக்கென்று ஒரு டொக்டர் எழுதிக்கொடுத்தால், அமெரிக்காவின் எந்தப் பார்மசியிலும் ஒரு மாதத்துக்குரிய குளிசைகளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். குளிசை ஒன்றுதான். போதைநோய்க்கு என்றால் மட்டுமே யன்னல், வரிசை, சலப் பரிசோதனை. இரசாயனவியல் படிப்பித்தவனுக்கு இதை விளங்கிக்கொள்ள வரலாற்றைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

1914இன் ஹரிசன் சட்டத்தையும், அதன் பின் 1919இல் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் அடுத்து, போதைக்கு அடிமையானவருக்குத் தொடர்ந்து மருந்து எழுதும் டொக்டர் குற்றவாளியானார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த நோய் பொலிசாரின் விசயமாக இருந்தது. 1965இல் நியூயோர்க்கில் வின்சென்ற் டோல், மரி நைஸ்வாண்டர் என்ற இருவர் 22 நோயாளரைக் கொண்டு மெத்தடோன் வேலைசெய்கிறது என்று காட்டினார்கள். நிக்சன் ஆட்சி அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அவர்களுடைய கவலை நகரங்களின் குற்றச்செயல்களும், வியட்நாமிலிருந்து ஹெரோயினோடு திரும்பிவரும் சிப்பாய்களும்தான். எனவே 1972இன் விதிகளும் 1974இன் சட்டமும் மெத்தடோனைச் சாதாரண டொக்டரிடமிருந்தும் பார்மசியிடமிருந்தும் பிரித்து, தனிக் கிளினிக்குகளுக்குள் அடைத்தன. அந்தக் கிளினிக்குகள் ஹார்லெம், தென் புறோங்ஸ், நியூவார்க் போன்ற, கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோக்காரரும் வாழும் இடங்களில் வந்தன. வசதியான புறநகர்கள் அவற்றைத் தங்கள் எல்லைக்குள் விடவில்லை. பிளாக் பாந்தர் இயக்கத்தினர் மெத்தடோனையே தம் மக்களைக் கட்டிவைக்கும் சங்கிலி என்று எதிர்த்தார்கள். மருந்தைப் பற்றி அவர்கள் சொன்னது பிழை என்பது என் எண்ணம். ஆனால் அது கொடுக்கப்பட்ட முறையைப் பார்த்தவர்கள் வேறெப்படி நினைத்திருக்க முடியும்?

பிறகு 1996இல் ஒக்சிகொன்ரின் சந்தைக்கு வந்தது. முதுகு நோவுக்கும் பல்லுப் பிடுங்கியதற்கும் டொக்டர்மார் ஒக்சிகோடோன் எழுதினார்கள். காப்புறுதியும் குடும்ப வைத்தியரும் உள்ள வெள்ளையினத்தவர் பெருமளவில் இந்த நோய்க்குள் விழுந்தார்கள். 2000இல் காங்கிரஸ் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. அதன் நோயாளர் 'புதியவகை' ஆட்கள், புறநகர்வாசிகள், கிளினிக் வரிசையில் நிறுத்த முடியாதவர்கள் என்ற கருத்து அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. 2002இல் பியூப்பிறனோர்பின் அனுமதிக்கப்பட்டபோது, எட்டு மணித்தியாலப் பயிற்சி பெற்ற டொக்டர் தன் சொந்த அறையிலிருந்தே அதை எழுதலாம், நோயாளர் பார்மசியில் மாதத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்றானது. (ஒக்சிகோடோன் எழுத அந்த எட்டு மணித்தியாலமும் தேவைப்படவில்லை. நோயை உண்டாக்கும் குளிசைக்குப் பயிற்சி வேண்டாம், ஆற்றும் குளிசைக்கு வேண்டும்!) ஒரு டொக்டருக்கு முதலில் 30 நோயாளர்தான். பின்னர் 100, 2016இல் 275.

பியூப்பிறனோர்பின் நல்ல மருந்து. அதை எளிதாகக் கொடுத்ததில் பிழையில்லை. ஆனால் புதிய வாசலைத் திறந்தவர்கள் பழைய வாசலின் பூட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் ஒரே கேத்தல் தேநீரை ஒருவருக்குக் கிளாசிலும் இன்னொருவருக்குப் பேணியிலும் ஊற்றிய காலத்தை எங்கள் தகப்பன்மார் கண்டிருக்கிறார்கள். கிளாசைக் கண்டுபிடித்தது குற்றமா என்று கேட்டால் என்ன சொல்வது?

விளைவுகள் கணக்கில் இருக்கின்றன. 2012 முதல் 2015 வரை டொக்டர்களிடம் பியூப்பிறனோர்பினுக்காகப் போன தடவைகளை ஒரு ஆய்வு (2019) கணக்கிட்டது. வெள்ளையினத்தவர் போனது ஏறக்குறைய 1 கோடியே 27 இலட்சம் தடவை. மற்ற எல்லா இனத்தவரும் சேர்ந்து 3 இலட்சத்து 63 ஆயிரம் தடவை. பணம் கட்டிய முறையைப் பார்த்தால் சுமார் 40 வீதம் சொந்தக் காசு, 34 வீதம் தனியார் காப்புறுதி. அதாவது பயிற்சி பெற்ற டொக்டர்களில் பலர், வறியவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிக்கெயிட்டை ஏற்காமல் காசு வாங்கிக்கொண்டு எழுதினார்கள். முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான மெடிக்கெயர் மெத்தடோன் கிளினிக்குகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதே 2020இல்தான்.

டொக்டர்கள் அந்தப் பகுதிகளில் இல்லாததுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. 2023இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஊனமுற்றோர் என்ற வகையில் மெடிக்கெயர் பெறுபவர்களில், அளவுமீறல் போன்ற ஆபத்தைச் சந்தித்து வைத்தியசாலைக்குப் போனவர்களைப் பின்தொடர்ந்தது. அடுத்த ஆறு மாதத்துக்குள் பியூப்பிறனோர்பின் கிடைத்தவர்கள் வெள்ளையினத்தவரில் 23.3 வீதம், ஹிஸ்பானியரில் 18.7, கறுப்பினத்தவரில் 12.7. இத்தனைக்கும் மூன்று பிரிவினரும் அந்த ஆறு மாதத்தில் பல தடவைகள் டொக்டர்களிடம் போயே இருக்கிறார்கள். காப்புறுதி ஒன்று, டொக்டரும் முன்னால் இருக்கிறார், துண்டு மட்டும் எழுதப்படவில்லை. வெள்ளையினத்தவருக்கும் நாலில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. 2020இல் அளவுமீறல் மரணவீதம் வெள்ளையினத்தவரிடையே 22 வீதத்தால் கூடியபோது கறுப்பினத்தவரிடையே 44 வீதத்தால் கூடியது.

பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் வாசகர்களுக்கு இந்த யன்னல் கதை விசித்திரமாக இருக்கலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் மெத்தடோனைச் சாதாரண பார்மசியில் குடிக்கிறார்கள். பிரான்சில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து எந்தக் குடும்ப வைத்தியரும் விசேட பயிற்சி எதுவுமின்றிப் பியூப்பிறனோர்பின் எழுதலாம். 1995க்கும் 1999க்கும் இடையில் அங்கே அளவுமீறல் மரணங்கள் ஏறக்குறைய 79 வீதத்தால் குறைந்தன. சிலர் அதைத் தெருவில் விற்றார்கள், சிலர் ஊசியில் ஏற்றினார்கள் என்பதும் உண்மை. ஆனால் சாவு குறைந்தது.

2023 மாசி மாதத்தில் என் நண்பரின் புள்ளி எட்டாகியது. கடைசிப் புள்ளி பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. சுப்பவைசருக்குக் காரணத்தைச் சொல்லும்படி நான் வற்புறுத்தினேன். சொன்னால் அதற்காகவே நிறுத்துவார்கள் என்றார். பியூப்பிறனோர்பினுக்கு மாறினால் என்ன என்றும் கேட்டேன். ஒருமுறை விசாரித்திருக்கிறார். முதல் தடவைக்கு 250 டொலர் காசாக வேண்டும், மெடிக்கெயிட் எடுப்பதில்லை. அதோடு மெத்தடோனிலிருந்து மாறுவதென்றால் முதலில் அளவைக் குறைத்துச் சில நாட்கள் வருத்தத்தோடு கிடக்கவேண்டும். தனக்கு ஒத்துவந்த மருந்தை ஏன் விடவேண்டும் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதே வருடம் பங்குனியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ரெலிபோன் எடுத்தார். "சேர், நீங்கள் கெமிஸ்றி படிப்பிச்சனீங்கள்தானே, ஒரு விசயம் கேக்கவேணும்" என்று தொடங்கி அழுதுவிட்டார். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். மகனுக்கு இருபத்துமூன்று வயது. விளையாட்டில் தோள் முறிந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுத்த ஒக்சிகோடோனில் தொடங்கியது. பிறகு தெருக் குளிசை. அதற்குள் பென்ரனில். குடும்பம் ஒருவருக்கும் சொல்லாமல், மருந்தே கொடுக்காத ஒரு நிலையத்தில் 28 நாட்கள் விட்டு எடுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் குளியலறையில் நீலம்பாரித்துக் கிடந்தான். பொலிசார் மூக்கில் நலொக்சோன் அடித்ததால் பிழைத்தான். "இனி என்ன செய்யிறது சேர், திரும்பவும் அங்கைதான் விடச் சொல்லினம்" என்றார்.

வேண்டாம் என்றேன். முதலில் எங்களவரான ஒரு டொக்டரைக் கேட்டோம். இப்படியான ஆட்கள் வந்து குந்தினால் தன்னுடைய மற்ற நோயாளர்கள் வரமாட்டார்கள் என்றார். நல்ல மனிதர்தான், ஊர்ச்சங்கத்துக்கு அள்ளிக் கொடுப்பவர். பயிற்சி வேண்டும் என்ற விதியை 2022 டிசம்பர் 29 அன்றே நீக்கிவிட்டார்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் அனுமதியுள்ள எந்த டொக்டரும் இப்போது பியூப்பிறனோர்பின் எழுதலாம். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிய விருப்பமில்லை. விதி நீங்கிய முதல் வருடத்தில் எழுதுபவர்கள் சற்றுக் கூடினார்களே தவிர, மருந்து பெறுபவர்களின் தொகை குறிப்பிடும்படி கூடவில்லை என்று கணக்குகள் சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. வேறொரு டொக்டரைக் கண்டுபிடித்தோம். தகப்பனின் கம்பனி காப்புறுதி இருபத்தாறு வயதுவரை மகனையும் மூடும். கார் இருந்தது. ஆங்கிலத்தில் வாதாட நான் இருந்தேன். முதலாவது பார்மசி இந்த மருந்தை வைத்திருப்பதில்லை என்றது, இரண்டாவது கொடுத்தது. ரெலிபோன் வந்ததிலிருந்து மருந்து நாக்குக்குக் கீழே வைக்கப்படும்வரை ஆறு நாட்கள்.

அந்த ஆறு நாட்களைப் பற்றி நான் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகு நியூவார்க் நண்பரை நினைத்தேன். பதினொரு வருடம் தவறாமல் வரிசையில் நின்றவருக்கு வேலை போனது. நாலு நாளில் விழுந்த எங்கள் பையனுக்கு மாதத்துக்கு ஒரு துண்டு. எங்கள் பையன் அதைப் பெற்றது பிழையென்று யாரும் சொல்லமுடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நிறவாதத்தால் நாங்கள் பாதிக்கப்படுகிறோம் என்று ஓயாமல் எழுதும் இந்தப் பக்கங்களில், அதனால் நாங்கள் இலாபமடையும் இடங்களும் உண்டு என்று ஒருமுறையாவது எழுதவேண்டும்.

2024 சித்திரையில் மெத்தடோன் விதிகளைத் தளர்த்தினார்கள். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்து, பயந்த அழிவு வரவில்லை என்று கண்டபிறகு செய்த மாற்றம் அது. இப்போது சேர்ந்து ஒரு மாதத்திலேயே 28 நாட்களுக்குரிய மருந்தை வீட்டுக்குக் கொடுக்கலாம். பழைய விதியில் அதற்கு இரண்டு வருடம் வேண்டும். ஆனால் 'கொடுக்கலாம்' என்பதுதான் விதி, முடிவு கிளினிக்கின் கையில். கிளினிக்குகளில் பெரும்பாலானவை இலாபத்துக்காக நடத்தப்படுபவை. நோயாளர் வந்து போவதில்தான் பலவற்றுக்கு வருமானம். போதைநோய் நிபுணர்கள் மெத்தடோனைப் பார்மசிக்கு எழுத அனுமதிக்கும் சட்டமூலமொன்று 2023இல் காங்கிரசுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் எங்கள் நியூ ஜேர்சி உறுப்பினர் டொனால்ட் நோர்க்றொசும் ஒருவர். கிளினிக்குகளின் சங்கம் எதிர்த்தது. அந்தக் காங்கிரஸ் முடியும்வரை அது சட்டமாகவில்லை.

வீட்டில் இப்படியொரு பிள்ளை உள்ளவர்கள் செய்யக்கூடியது: குடும்ப டொக்டரிடம் பியூப்பிறனோர்பின் என்ற பெயரைச் சொல்லி நேரே கேளுங்கள். பயிற்சி இல்லை என்று சொன்னால் அந்த விதி இப்போது இல்லை என்று சொல்லுங்கள். நலொக்சோன் ஸ்பிரே 2023இலிருந்து துண்டு இல்லாமலே பார்மசிகளில் கிடைக்கிறது, ஒன்றை வாங்கி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எனக்கு ரெலிபோன் எடுத்த தகப்பன் இரண்டு வாங்கி, ஒன்றைச் சாமி அறையில் வைத்திருக்கிறார். ஆனால் மகனுக்கு மருந்து எடுக்கப் போகும் நாட்களில் இன்னும் காரைவிட்டு இறங்குவதில்லை, யாராவது தமிழர் கண்டுவிடுவார்களாம்.

நியூவார்க் நண்பரைப் போன ஐப்பசியில் பென் ஸ்ரேஷனில் கண்டேன். ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. கிளினிக் இப்போது அவருக்கு மூன்று நாள் மருந்து வீட்டுக்குக் கொடுக்கிறது. ஏன் 28 நாள் தரவில்லை என்று கேட்டீர்களா என்றேன். கேட்டாராம், அது தங்கள் கொள்கை என்றார்களாம். வேலை முடிந்து நேரே அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். யன்னல் பத்து மணிக்குப் பூட்டிவிடும் என்று சொல்லி, கைகாட்டிவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்.